ஹைடல்பெர்க்கில் இரண்டு இரவு: அவசரமில்லாத பயண வழிகாட்டி

ஜெர்மனியில் உள்ள ஹைடல்பெர்க்கை முதல் தடவை நான் பார்த்தது ஒரு சுற்றுலாக் குழுவோடு. கோட்டைக்கு ஒரு மணி நேரம், பாலத்துக்கு இருபது நிமிடம், உடனே பஸ்ஸில் ஏறச் சொல்லிவிட்டார்கள். அது பல்கலைக்கழக ஊர் என்பதே எங்களில் பலருக்குத் தெரியாமல் போயிருக்கும். அந்தக் குறை மனதில் கிடந்து, சில வருடம் கழித்து நானும் மனைவியும் தனியாகப் போய் இரண்டு இரவு தங்கினோம். சாயங்காலம் பஸ்கள் கிளம்பிப் போனதும் ஊரே அடங்கியது. கல் பாவிய சந்துகளில் சைக்கிள் மணிச் சத்தம், ஆற்றங்கரைப் புல்வெளியில் கும்பல் கும்பலாக மாணவர்கள், எதிரே இருள ஆரம்பிக்கும் மலையில் விளக்கேற்றிய கோட்டை. இந்த ஊர் பகலில் வந்து போகிறவர்களுக்குத் தன்னைக் காட்டுவதில்லை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. அதனால் இந்த வழிகாட்டியில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: ராத்திரி தங்குங்கள்.

முதலில் ஊரின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். நெக்கார் ஆறு மலைகளுக்கு நடுவிலிருந்து சமவெளிக்கு இறங்கும் இடத்தில் ஹைடல்பெர்க் இருக்கிறது. தென்கரையில் நீளவாக்கில் பழைய நகரம், அதாவது ஆல்ட்ஷ்டாட். அதன் முதுகில் கோனிக்ஷ்டூல் மலை. அந்த மலையின் சரிவில் பாதி இடிந்த சிவப்பு மணற்கல் கோட்டை. வடகரையில் ஹைலிகன்பெர்க் மலை, அதன் இடுப்பில் தத்துவஞானிகள் பாதை. இரண்டு கரையையும் பழைய பாலம் சேர்க்கிறது. இவ்வளவுதான் ஊர், எல்லாம் நடக்கும் தூரம். மக்கள்தொகை ஏறக்குறைய ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் மட்டும் 30,000 பேர் அளவில். தெருவில் எதிர்ப்படும் முகங்கள் ஏன் இத்தனை இளமையாக இருக்கின்றன என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

எப்போது போவது

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை, இல்லாவிட்டால் செப்டம்பர், அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் நெரியும். குளிர்காலத்தில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஆனாலும் நவம்பர் கடைசியில் தொடங்கும் கிறிஸ்துமஸ் சந்தைக்காகவே அப்போது வருகிறவர்கள் உண்டு.

முடிந்தால் கோட்டை ஒளியேற்றும் இரவுகளில் ஒன்றைப் பிடியுங்கள். வழக்கமாகக் கோடையில் மூன்று சனிக்கிழமைகள், ஜூன், ஜூலை, செப்டம்பர் மாதங்களில் நடக்கும். பிரெஞ்சுப் படைகள் 1689-இலும் 1693-இலும் கோட்டைக்கும் ஊருக்கும் வைத்த தீயை நினைவூட்டும் விதமாக, கோட்டை முழுவதும் செக்கச்செவேல் என்று எரிவதுபோல் ஒளிரும். பின்னர் பாலத்துக்கு மேல் வாணவேடிக்கை. எரிந்துபோன நாளை ஓர் ஊர் இத்தனை அழகாக நினைத்துப் பார்ப்பதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. அந்த வருடத் தேதியைப் பார்த்துக்கொண்டு, அறையைப் பல மாதம் முன்பே பிடித்துவிடுங்கள்.

விசா, விமானம், ரயில்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் ‘சி’ வகை, அதாவது குறுகிய காலப் பயண விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்னதாகக் கொடுத்தாக வேண்டும். ஆனால் நேர்காணலுக்கு நாள் கிடைப்பதே கோடையில் சிரமம் என்பதால் மூன்று மாதம் கையில் வைத்துக்கொள்வது நிம்மதி. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு ஈடு தருவதாக இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு விசா கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ.

ஹைடல்பெர்க்குக்குப் பக்கத்தில் உள்ள பெரிய விமான நிலையம் ஃபிராங்க்ஃபர்ட், சுமார் 80 கிலோமீட்டர். சென்னையிலிருந்து அங்கே நேரடி விமானம் உண்டு. விமான நிலையத்துக்குள்ளேயே தொலைதூர ரயில் நிலையம் இருக்கிறது. அங்கே ஐசிஇ விரைவு ரயில் ஏறினால் அரை மணியில் மன்ஹைம். அங்கே இறங்கி எஸ்-பான் என்ற உள்ளூர் ரயிலில் கால் மணி நேரம் போனால் ஹைடல்பெர்க். மாறுவதற்கான நேரத்தோடு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்துக்கொள்ளுங்கள். மலிவு டிக்கெட்டுகள் ஒரு குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும். விமானம் தாமதமானால் அந்தக் காசு போய்விடும் என்பதால், வந்திறங்கும் நாளில் மட்டும் எந்த ரயிலிலும் ஏறக்கூடிய டிக்கெட் வாங்குங்கள்.

ஒரு விஷயம் தெரியாமல் பலர் ஏமாறுகிறார்கள். ஹைடல்பெர்க் மத்திய ரயில் நிலையம் பழைய நகரத்தில் இல்லை, இரண்டரை கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. வெளியே வந்ததும் தெரியும் கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்து ‘இதுவா அந்த ஊர்?’ என்று மனம் சோர வேண்டாம். 33-ஆம் எண் பஸ் ஏறி ‘ராட்ஹவுஸ்/பெர்க்பான்’ நிறுத்தத்தில் இறங்கினால் ஊரின் நடுவில் இருப்பீர்கள். ‘ஆல்ட்ஷ்டாட்’ என்ற பெயரிலேயே எஸ்-பான் நிலையம் ஒன்றும் பழைய நகரத்தின் கிழக்கு முனையில் உண்டு.

தங்குமிடம் பழைய நகரத்துக்குள் கிடைத்தால் நல்லது. ஆனால் கீழே மதுக்கடை உள்ள சந்தாக இருந்தால் வார இறுதியில் தூக்கம் போகும், வாடகையும் அதிகம். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு வடகரையில் உள்ள நொயன்ஹைம் நல்ல இடம். பஸ், டிராமோடு கோட்டை நுழைவும் மலை ரயிலும் சேர்ந்த ‘ஹைடல்பெர்க் கார்ட்’ என்ற அட்டை கிடைக்கிறது. இரண்டு நாள் தங்குகிறவர்கள் அதை வாங்கிவிடலாம்.

முதல் நாள் சாயங்காலம்: எதிர்க்கரைக்குப் போங்கள்

எல்லாரும் நேரே கோட்டைக்கு ஏறுவார்கள். நீங்கள் ஏறாதீர்கள். கோட்டைக்குள் நின்றால் கோட்டை தெரியாது. அது எங்கே, எதற்காக அப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது ஆற்றுக்கு அந்தப்புறம் நின்றால்தான் தெரியும். சாயங்கால வெயில் மேற்கிலிருந்து விழும்போது அந்தச் சிவப்புக் கல் பழுக்கும் நிறம் இருக்கிறதே, அதைப் பார்க்கவே இந்த ஊருக்கு வரலாம்.

பைகளை அறையில் போட்டுவிட்டு, சூரியன் மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு பழைய பாலத்துக்கு வாருங்கள். 1788-இல் முடிந்த பாலம் இது. இதே இடத்தில் முன்பு இருந்த பாலங்களைப் பனிக்கட்டியும் வெள்ளமும் போரும் மாற்றி மாற்றிக் கொண்டுபோனதால் கடைசியில் கல்லால் கட்டினார்கள். அதையும் 1945 மார்ச்சில் பின்வாங்கிய ஜெர்மன் படையே வெடிவைத்தது. போர் முழுக்கப் பெரிய குண்டுவீச்சு இல்லாமல் தப்பிய ஊருக்குக் கடைசி நாளில் நேர்ந்த காயம் அது. ஊர்க்காரர்கள் காசு சேர்த்து இரண்டே வருடத்தில் மீண்டும் எழுப்பினார்கள்.

ஊர்ப்பக்க முனையில் கையில் கண்ணாடியோடு ஒரு வெண்கலக் குரங்கு நிற்கும். இப்போதுள்ள சிலை 1979-இல் வைத்தது; ஆனால் பாலத்தில் குரங்கு இருந்த வழக்கம் பல நூற்றாண்டுப் பழையது. பாலத்தைக் கடக்கும் எவரும் தன்னை ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும், அந்தக் கரைக்காரன் இந்தக் கரைக்காரனைவிட மட்டமில்லை என்பதுதான் அது சொல்லும் சேதி. கண்ணாடியைத் தொட்டால் பணம் வரும், விரல்களைத் தொட்டால் இந்த ஊருக்கே திரும்பி வருவீர்கள், பக்கத்திலிருக்கும் எலிகளைத் தொட்டால் நிறையப் பிள்ளைகள் என்பது நம்பிக்கை.

பாலத்தைக் கடந்து சாலையைத் தாண்டினால் மதில்களுக்கு நடுவே நுழையும் படிப்பாதை தெரியும். பெயர் ஷ்லாங்கன்வெக், பாம்புப் பாதை. வளைந்து வளைந்து ஏறும். மழைக்குப் பிறகு கல் வழுக்கும். நிதானமாக நடந்தால் இருபது நிமிடம். மூட்டுவலி உள்ளவர்கள் நொயன்ஹைம் பக்கமிருந்து ஏறும் சாலையில் வரலாம். அதில் படி கிடையாது, ஆனால் ஏற்றம் ஏற்றம்தான்.

மேலே வந்ததும் கிடைப்பதுதான் ஃபிலோசோஃபென்வெக், தத்துவஞானிகள் பாதை. தெற்கு நோக்கிய சரிவு என்பதால் நாள் முழுக்க வெயில் படும். ஜெர்மனியின் இதமான மூலைகளில் இதுவும் ஒன்று. குளிர்நாட்டில் அத்தி மரத்தையும் பாதாம் மரத்தையும் பார்த்து மனைவி அசந்துபோனாள். பாதையின் பெயரைப் பார்த்துப் பெரிய ஞானிகளைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் எந்தப் பாடம் படிப்பதற்கும் முன்பு மாணவர்கள் தத்துவம் படித்தாக வேண்டும். அதனால் மாணவர்களுக்கே அந்தப் பெயர். அவர்கள் காதலித்துக்கொண்டும் கவிதை சொல்லிக்கொண்டும் நடந்த பாதை இது. தத்துவஞானி ஹெகல் 1816 முதல் 1818 வரை இந்த ஊரில் பாடம் நடத்தினார். நம் துணைக்கண்டத்துக் கவிஞர் இக்பால் 1907-இல் ஜெர்மன் படிக்க வந்து தங்கினார். நெக்கார் கரையில் ஒரு பகுதிக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டின் ஹோசே ரிசால் 1886-இல் கண் மருத்துவம் பயில வந்து, இந்த ஊர்ப் பூக்களைத் தன் ஊருக்குத் தூது அனுப்பி ஒரு கவிதை எழுதினார். தூர தேசத்தில் படிக்கப் போன எந்தப் பிள்ளைக்கும் அந்த ஏக்கம் புரியும்.

பாதையில் பெஞ்சுகள் நிறைய. ஒன்றில் உட்காருங்கள். படம் எடுத்து முடித்த பிறகும் உட்காருங்கள். விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறும்வரை இருந்துவிட்டு, இருட்டில் பாம்புப் பாதையில் இறங்காமல் மேற்கே நொயன்ஹைம் வழியாக இறங்குவது பாதுகாப்பு.

இரண்டாம் நாள் காலை: கோட்டை

திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். பத்தரை மணிக்கு மேல் குழுக்கள் வந்து குவியும். கோர்ன்மார்க்ட் சதுக்கத்துக்குப் பக்கத்திலிருந்து மலை ரயில் சில நிமிடத்தில் மேலே விடும். கோட்டை டிக்கெட்டிலேயே ரயில், உள்முற்றம், பெரிய பீப்பாய், மருந்தக அருங்காட்சியகம் எல்லாம் அடக்கம். அறைகளுக்குள் அழைத்துப் போகும் சுற்றுக்கு மட்டும் தனிக் காசு. நடக்க முடிந்தவர்களுக்குப் படிகளும் உண்டு.

உள்முற்றத்தில் நின்று சுற்றிப் பாருங்கள். ஒவ்வொரு மன்னரும் தன் காலத்துப் பாணியில் ஒரு கட்டடத்தை ஒட்டவைத்திருக்கிறார்கள். கிழக்கே ஒட்டோ ஹைன்ரிஷ் 1556-இல் தொடங்கிய மாளிகைக்கு இப்போது கூரை கிடையாது, ஜன்னல்களில் வானம் தெரியும். பிரெஞ்சுப் படை உடைத்ததைக் கொஞ்சம் சரிசெய்துகொண்டிருக்கும்போது 1764-இல் இடி விழுந்து மறுபடி எரிந்தது. அதற்கு முன்பே, 1720-இல், மன்னர் தலைநகரை மன்ஹைமுக்கு மாற்றிவிட்டிருந்தார். பிறகு ஊர்க்காரர்கள் வீடு கட்டக் கோட்டைக் கல்லைப் பெயர்த்து எடுத்துப் போக ஆரம்பித்தார்கள். அதைத் தடுத்து நிறுத்தப் போராடியவர் ஷார்ல் த கிரேம்பர்க் என்ற பிரெஞ்சுக்காரர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. இடித்தவர்களும் பிரெஞ்சுக்காரர்கள், காத்தவரும் பிரெஞ்சுக்காரர். அவர் வரையச் செய்த சித்திரங்கள்தான் இந்த இடிபாட்டை உலகத்துக்கு அறிமுகம் செய்தன.

1751-இல் செய்த பீப்பாய் இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் கொள்ளும். வரியாக வந்த திராட்சை மதுவை ஒன்றாகக் கொட்டி வைத்த இடம். பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். மருந்தக அருங்காட்சியகத்தில் கூடுதல் நேரம் செலவிடுங்கள். பழைய ஜாடிகளையும் உரல்களையும் பார்த்தால் நம் ஊர் நாட்டு மருந்துக்கடை ஞாபகம் வரும்.

வெளி மாடத்தில் தரைக்கல் ஒன்றில் ஒரு காலடி பதிந்திருக்கும். எரியும் அரண்மனை ஜன்னலிலிருந்து குதித்த வீரனின் கால் என்று சிலர் சொல்வார்கள். அரசியின் அறையிலிருந்து தப்பி ஓடிய காதலனின் கால் என்று சிலர். கால் பொருந்துகிறதா என்று எல்லாரும் வைத்துப் பார்ப்பார்கள். வையுங்கள்.

தோட்டத்துக்கு டிக்கெட் வேண்டாம், அதனால் பலர் போவதுமில்லை. ஆனால் இந்த ஊரின் காதல் கதைகள் அங்கேதான் இருக்கின்றன. ஐந்தாம் ஃபிரெடரிக் இங்கிலாந்து இளவரசி எலிசபெத்தை 1613-இல் மணந்து அழைத்து வந்தார். அவளுக்காக 1615-இல் எழுப்பிய வளைவு இன்றும் நிற்கிறது. ஒரே இரவில் கட்டி, காலையில் காட்டி அசத்தினாராம். மலைச்சரிவை வெட்டித் தோட்டமும் போட ஆரம்பித்தார். தோட்டம் முடியவே இல்லை. 1619-இல் பொஹீமியாவின் முடியை ஏற்று, மறு வருடமே போரில் தோற்று, இருவரும் நாடிழந்து அலைந்தார்கள். அந்தத் தோட்டத்திலேயே இன்னொரு பிரிவும் நடந்தது. 1815 செப்டம்பரில் ஜெர்மன் கவிஞர் கதேயும் மரியானா ஃபொன் வில்லமரும் ஹைடல்பெர்க்கில் கடைசியாகச் சந்தித்தார்கள். இரண்டாகப் பிளந்தும் ஒன்றாக இருக்கும் கிங்கோ இலையைப் பற்றிக் கதே எழுதிய கவிதை அவளுக்கானது. அதன் பிறகு அவர்கள் சந்திக்கவே இல்லை.

நேரமிருந்தால் மலை ரயிலில் இன்னும் மேலே, 568 மீட்டர் உயரத்தில் உள்ள கோனிக்ஷ்டூல் உச்சிக்குப் போகலாம். மேல் பாதியில் ஓடும் மரப்பெட்டிகள் 1907-ஆம் ஆண்டவை. மேகமூட்டமான நாளில் போக வேண்டாம், ஒன்றும் தெரியாது.

இரண்டாம் நாள் பிற்பகல்: பல்கலைக்கழகம்

கீழே இறங்கி மார்க்ட்பிளாட்ஸ் சதுக்கத்துக்கு வந்தால் பரிசுத்த ஆவி தேவாலயம். உள்ளே மாடங்களில் ஒரு காலத்தில் ஐரோப்பா போற்றிய நூலகம் இருந்தது. முப்பதாண்டுப் போரில் ஊர் விழுந்ததும், 1623-இல் அத்தனை சுவடிகளையும் கட்டி ரோமில் போப்புக்கு அனுப்பிவிட்டார்கள். பெரும்பகுதி இன்றும் வத்திக்கானில் இருக்கிறது. இதே தேவாலயத்தில் 1706 முதல் 1936 வரை நடுவில் ஒரு சுவர்: ஒருபுறம் கத்தோலிக்கர், மறுபுறம் புராட்டஸ்டன்ட். எதிரே உள்ள ‘ரிட்டர்’ மாளிகை ஒரு துணி வியாபாரி 1592-இல் கட்டியது. 1693 தீயில் ஊரே எரிந்தபோது தப்பி நின்ற வீடு. அதன் முகப்பையும் பக்கத்து வீடுகளையும் ஒப்பிட்டால், எது தீக்கு முன், எது தீக்குப் பின் என்பது கண்ணுக்கே புலப்படும்.

அங்கிருந்து ஹவுப்ட்ஷ்ட்ராஸே என்ற நடைத் தெருவில் மேற்கே சில நிமிடம் நடந்தால் பல்கலைக்கழகச் சதுக்கம். 1386-இல் முதலாம் ருப்ரெக்ட் தொடங்கிய இது, இன்றைய ஜெர்மனியின் மிகப் பழைய பல்கலைக்கழகம். கிறிஸ்தவ மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் 1518 ஏப்ரலில் இந்த ஊரில் வாதம் செய்ததைச் சொல்லும் கல் இந்தச் சதுக்கத்தில் இருக்கிறது. 1931-இல் திறந்த புதிய கட்டடத்தின் வாசலில் ‘உயிருள்ள ஆன்மாவுக்கு’ என்று எழுதியிருக்கும். நாஜிகள் அதை ‘ஜெர்மன் ஆன்மாவுக்கு’ என்று மாற்றினார்கள். போருக்குப் பின் பழைய வாசகம் திரும்பியது. யூதப் பேராசிரியர்களைத் துரத்திய வருடங்கள் அவை. அந்த வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

பின்புறச் சந்தான அவுகுஸ்டினர்காஸேயில் மாணவர் சிறை இருக்கிறது. இதைத் தவறவிடவே கூடாது. பல்கலைக்கழகம் தன் மாணவர்களைத் தானே விசாரித்துத் தண்டித்த காலம் அது. ராத்திரியில் கூச்சல் போட்டது, தெருவிளக்கை அணைத்தது, வாள்சண்டை போட்டது போன்ற குற்றங்களுக்குச் சில நாள் முதல் சில வாரம் வரை உள்ளே. 1778 முதல் 1914 வரை இந்தச் சிறை இயங்கியது. வகுப்புக்கு மட்டும் போய் வரலாம். நாளாக நாளாக, ஒருமுறையாவது உள்ளே போகாமல் படிப்பை முடிப்பதே கௌரவக் குறைவு என்று ஆனது. அறைகளுக்கு அரண்மனைப் பெயர்கள் வைத்தார்கள். மெழுகுவத்திப் புகைக்கரியால் சுவரெங்கும் தங்கள் பக்கவாட்டு முகத்தை வரைந்து பெயரும் தேதியும் எழுதினார்கள். கூரைவரை ஒரு சாண் இடம் பாக்கியில்லை.

ஹவுப்ட்ஷ்ட்ராஸேயில் வேதியியலாளர் ராபர்ட் புன்சனின் சிலையைப் பார்க்கலாம். பள்ளி ஆய்வகத்து அடுப்புக்குப் பெயர் தந்தவர். அவரும் இயற்பியலாளர் கிர்க்ஹாஃபும் 1860-ஐ ஒட்டிய வருடங்களில் இங்கே ஒளியைப் பிரித்துப் பார்த்து சீசியம், ருபிடியம் என்ற இரண்டு தனிமங்களைக் கண்டுபிடித்தார்கள். சூரியனில் என்னென்ன இருக்கிறது என்பதை மனிதன் முதன்முதலில் தெரிந்துகொண்டது இந்தச் சின்ன ஊரிலிருந்துதான்.

தமிழர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1962-இல் தொடங்கிய தெற்காசிய நிறுவனம் இந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. தமிழ் கற்பிக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஹைடல்பெர்க்குக்கு நல்ல பெயர். அந்த நிறுவனம் பெர்க்ஹைம் பகுதியில் ஆசிய ஆய்வு மையத்தில் இப்போது இயங்குகிறது.

சாப்பாடு

மலிவாகவும் நன்றாகவும் சாப்பிட மார்ஷ்டால் மாணவர் உணவகத்துக்குப் போங்கள். ஐந்நூறு வருடப் பழைய படைக்கலக் கொட்டடி அது. தட்டில் வேண்டியதை எடுத்து எடைபோட்டுக் காசு கொடுக்கலாம். வெளியாட்களுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை. சைவ உணவு தாராளமாகக் கிடைக்கும். மற்ற கடைகளில் சைவர்களுக்கு ‘கேஸஷ்பெட்ஸ்லே’ நம்பகமானது: மாவுத் துண்டுகளில் பாலாடைக்கட்டி உருக்கி, வறுத்த வெங்காயம் தூவித் தருவார்கள். சில கடைகளில் பன்றி இறைச்சித் துணுக்கு சேர்ப்பதால் கேட்டுக்கொள்ளுங்கள். வசந்தத்தில் வந்தால் ஷ்பார்கல் என்னும் வெள்ளை அஸ்பாரகஸ் தண்டுகளை விடாதீர்கள். ஜூன் 24-ஓடு அதன் பருவம் முடியும். ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடைகள் மூடியிருக்கும் என்பதால் பிஸ்கட், பால், பழமெல்லாம் சனிக்கிழமையே வாங்குங்கள்.

இனிப்புக்கு ‘மாணவர் முத்தம்’. 1863-இல் தொடங்கிய க்னோசல் கஃபேயின் சாக்லேட். அங்கே வரும் இளம்பெண்களுக்குத் துணையாகக் கண்கொத்திப் பாம்பாகச் செவிலித்தாய்மாரும் வருவார்கள். மாணவர்கள் பேசவே முடியாது. கடைக்காரர் அதற்கு ஒரு வழி செய்தார். சாக்லேட்டைப் பரிசாகக் கொடுப்பதை யாரும் தடுக்க முடியாதே. உருகிவிடும் என்பதால் ஊருக்கு வாங்கிப் போவதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் காலை

விமானம் சாயங்காலம் என்றால் நெக்கார்ஷ்டைனாக் வரை படகில் போய் வரலாம். ஆற்றை எதிர்த்துப் போகும் படகு, மதகுகளில் நின்று நீர்மட்டம் ஏறும்வரை காத்திருந்து, சுமார் ஒன்றரை மணியில் கொண்டுசேர்க்கும். படகுகள் குளிர்காலத்தில் ஓடாது. அந்தச் சின்ன ஊரின் மலைமுகட்டில் நான்கு கோட்டைகள் வரிசையாக நிற்கும். காட்டுப் பாதையில் அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டு, திரும்பும்போது படகுக்குக் காத்திராமல் எஸ்-பான் பிடித்தால் இருபது நிமிடத்தில் ஹைடல்பெர்க். ரயிலில் ஆற்றுப் பக்கம் பார்த்த ஜன்னலோரம் உட்காருங்கள். ஊருக்குள் நுழையும் சமயம் பழைய பாலம் இன்னொரு தடவை கண்ணில் படும்.